ஐடி பிளாக் ஆனால் அடுத்து என்ன? வேலூர் ஆப் ஓட்டுநர்களுக்கு ஆர்பிட்ரேஷன் வழிகாட்டி

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வண்டி போடுகிறவர்கள் பலருக்கு ஆர்பிட்ரேஷன் என்ற சொல் புதிதல்ல. வண்டிக் கடனில் இரண்டு டியூ தவறினால் ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வருமே, அதில் பார்த்திருப்பார்கள். "எங்கள் நடுவர் முன் இன்ன தேதியில் ஆஜராகவும்" என்று இருக்கும். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மைப் பிடிக்க விரித்த வலை என்றுதான் தோன்றும். நான் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். ஐடி பிளாக் ஆகி, அதாவது ஆப் கம்பெனி ஓட்டுநர் கணக்கை முடக்கிவிட்டு, என்னிடம் வரும் தம்பிகள் முதலில் கேட்பது இதுதான்: "ஆர்பிட்ரேஷன்னு போட்டிருக்கான், கேஸே போட முடியாதாமே. இன்னா பண்றது மேடம்?"

செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆப் ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஆர்பிட்ரேஷன் ஷரத்து உங்களைக் கட்டுகிற அளவுக்குக் கம்பெனியையும் கட்டுகிறது. "நடுவரிடம் போவோம்" என்று எழுதியவர்களே அவர்கள்தான். சரி, வாருங்கள் போவோம் என்று முதல் நோட்டீஸை நீங்கள் அனுப்பினால், பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று, நேற்று ஆப்பில் சேர்ந்தவருக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில், அது என்ன?

பங்காளித் தகராறில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி முடிப்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஆர்பிட்ரேஷனும் அடிப்படையில் அதுதான். அந்தப் பெரியவருக்கு இங்கே நடுவர் என்று பெயர். ஊர்ப் பெரியவர் சொன்னதை மீறிவிட்டு ஒருவர் போய்விடலாம். நடுவர் சொன்னதை அப்படி மீற முடியாது. 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டப்படி அதைக் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம்.

"நான் எதிலும் கையெழுத்தே போடவில்லையே" என்பது எடுபடாது. ஆப்பில் சேரும்போது 'ஐ அக்ரீ' என்று தட்டியிருப்பீர்கள். அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு மின்னணு முறையில் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் எழுத்து ஒப்பந்தமாகவே பார்க்கிறது. "ஸ்டாம்ப் பேப்பரில் இல்லை, அதனால் செல்லாது" என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதற்கு முடிவு கட்டியது. முத்திரைத் தாள் குறை சரிசெய்யக்கூடிய குறைதான், அதனால் மட்டும் நடுவர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்றது. நீங்கள் நடுவரைக் கேட்கும்போது கம்பெனியும் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்

ஐடி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பிளாக் ஆன பிறகு ஆப்புக்குள் நுழையவே முடியாமல் போகலாம். ஆப்பில் ஓட்டுநர் விதிமுறைகள் இருக்கும் பக்கத்துக்குப் போய் முழுவதையும் இறக்கி, உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். புதிய விதிமுறை வந்தால் அதையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, 'ஆர்பிட்ரேஷன்' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அந்தப் பத்தியில் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிராளி யார் என்பது முதல் விஷயம். ஆப்பின் பெயர் வேறு, கம்பெனியின் சட்டப்பூர்வமான பெயர் வேறு. ஓலாவை நடத்துவது ஏ.என்.ஐ. டெக்னாலஜீஸ். ராபிடோவை நடத்துவது ரோப்பன் டிரான்ஸ்போர்ட்டேஷன் சர்வீசஸ். ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் நோட்டீஸ் போக வேண்டும். பதிவு அலுவலக முகவரியை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: வண்டி ஓனர் வேறு, ஓட்டுகிறவர் வேறு என்றால் 'ஐ அக்ரீ' தட்டியது யார் என்று பாருங்கள். ஒப்பந்தம் ஓனர் பெயரில் இருந்தால் நோட்டீஸும் ஓனர் பெயரில்தான் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் ஓட்டுநர் தன் பெயரில் அனுப்பி, ஆறு மாதம் வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது விசாரணையின் இருப்பிடம். 'சீட்' அல்லது 'வென்யூ' என்று இருக்கும். சின்னச் சொல்தான், ஆனால் எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பெங்களூரு என்று இருந்தால் நடுவரை நியமிக்கக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சென்னை என்று இருந்தால் மெட்ராஸ் உயர் நீதிமன்றம். நமக்கு இரண்டு பக்கமும் காட்பாடியிலிருந்து ரயில் உண்டு, ஆனால் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானம். இருப்பிடம் பெங்களூரு என்றே இருந்தாலும் விசாரணையை வேறு வசதியான இடத்திலோ வீடியோவிலோ நடத்தும்படி நடுவரைக் கேட்கலாம். சட்டத்தின் 20-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. முதல் நாளே கேளுங்கள்.

நடுவரை யார் நியமிப்பது என்பது மூன்றாவது. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். நோட்டீஸுக்கு முன் மெயிலில் புகார் செய்ய வேண்டும், இத்தனை நாள் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதையும் குறியுங்கள். அதை முடிக்காமல் அனுப்பினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பார்கள். "30 நாளில் கேட்காவிட்டால் உங்கள் உரிமை போய்விடும்" என்ற மாதிரி வரி இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி அந்த மாதிரி வரி செல்லாது. பணக் கோரிக்கைக்குப் பொதுவாக மூன்று வருடம் கெடு இருக்கிறது.

பணத்தைக் கணக்குப் போடுங்கள்

இதில் நான் கறாராக இருப்பேன், ஏனென்றால் நடுவருக்குச் சம்பளம் உண்டு. 1996 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் மாதிரிக் கட்டணம் கொடுத்திருக்கிறார்கள். 5 லட்சம் வரையிலான தகராறுக்கு 45,000 ரூபாய். நடுவர் ஒருவர் மட்டும் என்றால் மேலே 25 சதவீதம் சேர்த்து 56,250 ரூபாய். பொதுவாகப் பாதிப் பாதி கட்டச் சொல்வார்கள், உங்கள் பங்கு 28,125 ரூபாய். இது மாதிரிதான், இவ்வளவு என்று கட்டாயமில்லை. ஆனால் எதில் கால் வைக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

ஆப் வாலட்டில் 6,400 ரூபாய் நின்றுபோயிருக்கிறது என்று வையுங்கள். அதற்கு ஆர்பிட்ரேஷன் போகாதீர்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்க வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. கம்பெனியும் ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்பது அதன் குறை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வக்கீலும் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இன்சென்டிவும் டிரிப் பாக்கியும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு லட்சம் என்றால் கணக்கு மாறுகிறது. அதே குறை உள்ளவர்கள் ஸ்டாண்டில் பத்துப் பேர் இருந்தால் இன்னும் மாறுகிறது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்யும் டோர்டாஷ் கம்பெனி தன் ஒப்பந்தத்தில், யாரும் கூட்டாக வழக்கு போடக் கூடாது, தனித்தனியாக நடுவரிடம்தான் வர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சரி என்று தனித்தனியாகவே வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி கட்ட வேண்டிய கட்டணம் மலைபோல் சேர்ந்ததும் கம்பெனி பின்வாங்கியது. 2020 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், 5,010 பேரோடும் நடுவர் விசாரணைக்குப் போ என்று கம்பெனிக்கு உத்தரவிட்டார். நீ எழுதிய ஒப்பந்தம், நீயே நடத்து என்பதுதான் அதன் சாரம். ஊபர் கம்பெனியும் 2019-இல் பங்குச் சந்தைக்கு வரும் நேரத்தில் இப்படி 60,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் கோரிக்கைகளைச் சந்தித்தது. பெரும்பாலானவற்றைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. நம் நாட்டில் கட்டணம் முழுவதும் கம்பெனி தலையில் விழாது, அதனால் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து இருபது நோட்டீஸ் போனால், ஒற்றை நோட்டீஸைக் குப்பையில் போடும் அலுவலகமும் எழுந்து உட்காரும்.

ஒப்பந்தத்தில் "செலவு முழுவதும் ஓட்டுநரே" என்று இருந்தால்? 31ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எது நடந்தாலும் செலவை ஒருவரே ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு, தகராறு வந்த பிறகு செய்துகொண்டதாக இருந்தால்தான் செல்லும். கனடாவில் டேவிட் ஹெல்லர் என்ற டெலிவரி ஓட்டுநரின் வழக்கும் இதே வலியிலிருந்து வந்ததுதான். நெதர்லாந்துக்குப் போய் வழக்காட வேண்டும், தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்று ஊபர் ஒப்பந்தத்தில் இருந்தது. 2020-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஷரத்தே செல்லாது என்றது. அது நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எட்டாத இடத்தையும் கட்ட முடியாத தொகையையும் எதிர்த்துப் பேசும்போது எடுத்துச் சொல்லத் தகுந்த தீர்ப்பு.

சாட்சியம் சேர்ப்பது

சிஎம்சி வாசலில் நோயாளியை இறக்கிவிட்டு அடுத்த டிரிப் எடுக்கும் அவசரத்தில் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை. அதனால் வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வாரக் கணக்கு, இன்சென்டிவ் அறிவிப்பு, பிடித்த கமிஷன் அல்லது கட்டிய சப்ஸ்கிரிப்ஷன், ரேட்டிங் எல்லாவற்றையும் படம் எடுத்து மெயிலில் போடுங்கள். ஐடி நின்ற நாளில் வந்த செய்தி ரொம்ப முக்கியம். கால் சென்டரில் பேசியதை நம்பி இருக்காதீர்கள், பேசி முடித்ததும் "இன்று இன்னின்னது சொன்னீர்கள்" என்று ஆப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்புங்கள். பாஸ்புக்கை அப்டேட் செய்யுங்கள்.

நடுவர் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, 19-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. இருந்தாலும் மின்னணு ஆவணங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்தே கொடுத்துவிடுவது என் வழக்கம். படத்தை எடுத்த போனைத் தொலைக்காதீர்கள், மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள்.

நோட்டீஸ்

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். 21-ஆவது பிரிவுப்படி உங்கள் கோரிக்கை கம்பெனி கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் நடுவர் விசாரணை தொடங்கியதாகக் கணக்கு. மூன்று வருடக் கெடுவும் அன்றுதான் நிற்கும். ஆப்பில் நூறு டிக்கெட் போட்டாலும் அது இந்த நோட்டீஸ் ஆகாது. பெரிய சட்ட மொழி தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் உங்கள் ஆப்பில் ஓட்டுநராகச் சேர்ந்தேன். என் ஐடி எண் இது. இன்ன தேதியில் காரணம் சொல்லாமல் ஐடியை நிறுத்திவிட்டீர்கள். அதுவரை ஓட்டிய டிரிப்களுக்கு இவ்வளவும், இன்சென்டிவாக இவ்வளவும் எனக்கு வர வேண்டும். கணக்கு இணைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் இன்ன ஷரத்துப்படி இந்தத் தகராறை நடுவர் விசாரணைக்கு அனுப்புகிறேன். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படியான நோட்டீஸ் இது. நடுவராக இன்னாரை முன்மொழிகிறேன். கிடைத்த 30 நாளுக்குள் சம்மதத்தையோ வேறு பெயரையோ எழுத்தில் தெரிவிக்கவும். நீங்கள் மட்டும் தனியாக நியமிக்கும் நடுவரை நான் ஏற்கவில்லை."

கம்பெனி வெளி மாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் மெயிலுக்கும் அனுப்புங்கள். டெலிவரி ஆனதைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். முப்பது நாள் அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

நடுவர் யார்?

பதிலுக்கு, "எங்கள் நிர்வாகம் இன்னாரை நடுவராக நியமித்திருக்கிறது, இன்ன தேதிக்கு வாருங்கள்" என்று கடிதம் வரலாம். ஃபைனான்ஸ் நோட்டீஸிலும் இதே கதைதான். தகராறில் ஒரு பக்கமாக இருப்பவரே தனியாக நீதிபதியையும் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தனி நடுவரை ஒரு தரப்பே நியமிப்பது அவருடைய நடுநிலையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்றது. கம்பெனியின் ஊழியரோ, ஆலோசகரோ, அவர்களுக்கு வாடிக்கையாக வேலை பார்க்கும் வக்கீலோ நடுவராக முடியாது என்று 12-ஆவது பிரிவும் ஏழாம் அட்டவணையும் தடுக்கின்றன.

இந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்க ஒரு வழிதான் உண்டு. தகராறு வந்த பிறகு, எழுத்தில், வெளிப்படையாக "எனக்குச் சம்மதம்" என்று கொடுப்பது. ஒருநாள் போய் நின்றதால் மட்டும் உரிமை போகாது. ஆனால் வருகைத் தாள் என்று நீட்டும் காகிதத்தில் மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

30 நாளில் பதில் இல்லை, அல்லது உடன்பாடு இல்லை என்றால் 11-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு மனு. நடுவர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று மட்டும்தான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். கட்டணத்தைக் குறைவாக நிர்ணயிக்கும்படி அந்த மனுவிலேயே கேளுங்கள். 29பி பிரிவில் விரைவு விசாரணை என்று ஒன்று இருக்கிறது: வாய்மொழி விசாரணை இல்லாமல் காகிதங்களை வைத்தே ஆறு மாதத்தில் தீர்ப்பு. அதற்குக் கம்பெனியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சாதாரண வழியில், மனுவும் பதில்மனுவும் முடிய ஆறு மாதம், அதன் பிறகு தீர்ப்புக்கு ஒரு வருடம் என்பது சட்டம் வைத்திருக்கும் கெடு.

"ஐடியைத் திரும்ப வாங்கித் தாங்க"

டியூ கட்ட வேண்டியவருக்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க முடியாது, தெரியும். 9-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம், கிடைத்தால் 90 நாளுக்குள் நடுவர் விசாரணையைத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தை, தொடர்ந்து நடத்து என்று கோர்ட் கட்டாயப்படுத்துவது அரிது. குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 14-ஆவது பிரிவு அங்கே குறுக்கே நிற்கும். பாக்கிப் பணம், ஒப்பந்தப்படி தந்திருக்க வேண்டிய நோட்டீஸ் காலத்துக்கான இழப்பு, வாலட் தொகையை அப்படியே வைத்திருக்கும்படி உத்தரவு ஆகியவைதான் நிற்கக்கூடிய கோரிக்கைகள். ஐடியைக் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மனு போடாதீர்கள்.

நடுவரிடம் போகாத விஷயங்கள்

விபத்து இழப்பீடு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அடிதடி, மிரட்டல் போன்றவை போலீஸ் வேலை. தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் உரிமைகளைத் தனியார் நடுவர் தீர்க்க முடியாது. விமானிகளின் சம்பள பாக்கி வழக்கில் 2012-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸுக்கு எதிராக அப்படித்தான் சொன்னது. ஆப் ஓட்டுநர் தொழிலாளியா, தனித் தொழில் செய்பவரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் சமரசம் பேசும்போது "நான் எந்த வகையிலும் தொழிலாளி அல்ல" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, உங்களைப் போல வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்கிறவர்களைக் குறிக்கும் கிக் தொழிலாளர் என்ற பெயரையே சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமும் இருக்கிறது. நோட்டீஸ் ஒரு பக்கம் போகட்டும், அதற்காக வாரியப் பதிவை நிறுத்தி வைக்க வேண்டாம்.

நீங்கள் நேராகக் கோர்ட்டில் வழக்கு போட்டிருந்தால், கம்பெனி 8-ஆவது பிரிவில் "நடுவரிடம் அனுப்புங்கள்" என்று மனு போடலாம். அதை அவர்கள் தங்கள் முதல் பதிலுரையோடாவது போட்டாக வேண்டும். பதிலுரையைத் தாக்கல் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வந்தது என்றால் பலிக்காது. கோர்ட் நாட்குறிப்பில் அந்தத் தேதியைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பின் கையெழுத்திட்ட பிரதி கிடைத்த நாளைக் குறியுங்கள். அதை ரத்து செய்யக் கம்பெனிக்கு 34-ஆவது பிரிவில் மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ரத்து மனு போட்டுவிட்டதாலேயே பணம் நின்றுவிடாது, தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும்.

கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு. இருப்பிடம் பெங்களூரு என்பதால் அங்கேதான் போட வேண்டும் என்றில்லை. 2018-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில், கம்பெனியின் சொத்தோ வங்கிக் கணக்கோ எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே நேராகப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டுநர்களிடம் ஃபைனான்ஸ் கம்பெனி பணம் வசூலிக்கக் கிடைத்த வழி அது, இப்போது ஓட்டுநருக்கும் அதே வழி. மனுவில் எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று கேட்பார்கள். வாராவாரம் உங்களுக்குப் பணம் வந்த பதிவில் அனுப்பியவர் பெயரும் வங்கியும் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பாஸ்புக் பக்கத்தை நோட்டீஸ் அனுப்பும் நாளிலேயே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.